உயிலா, டிரஸ்டா? கலிபோர்னியாவில் வீடு வாங்கிய தம்பதிக்கு

வாசகர் கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். எனக்கு 44 வயது, மனைவிக்கு 41. இருவருக்கும் கிரீன் கார்டு. இங்கே பிறந்த பிள்ளைகள் இருவர், 9 வயது, 5 வயது. 2017-ல் 9 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு இன்று 16 லட்சம் போகும். கடன் இன்னும் 5 லட்சம் பாக்கி. பங்குக் கணக்கில் 2 லட்சம், இருவருக்கும் 401-கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு, ஆளுக்கொரு ஆயுள் காப்பீடு. சென்னை மயிலாப்பூரில் என் பெயரில் ஒரு ஃபிளாட். அம்மா அப்பா மதுரையில் அண்ணனோடு இருக்கிறார்கள். மனைவியின் தங்கை டாலஸில். "உயில் எழுதிவிட்டால் கோர்ட் வாசலே மிதிக்க வேண்டாம்" என்கிறார் ஒரு நண்பர். "டிரஸ்ட் இல்லாவிட்டால் பணமெல்லாம் வக்கீலுக்குத்தான், டிரஸ்ட் போட்டால் வரியும் மிச்சம்" என்கிறார் இன்னொருவர். ஒரு வக்கீல் அலுவலகம் டிரஸ்டுக்கு 4,000 டாலர் கேட்கிறது. எங்களுக்கு எது தேவை?

பதில்:

முதல் நண்பர் சொன்னது தலைகீழ். கலிபோர்னியாவில் உயில் எழுதுவதே கோர்ட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதற்காகத்தான். இரண்டாமவர் சொன்னதில் பாதி சரி. செலவைப் பற்றிய அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது, வரியைப் பற்றிச் சொன்னது தவறு. உங்கள் குடும்பத்துக்கு டிரஸ்ட் வேண்டும், கூடவே ஒரு சிறிய உயிலும் வேண்டும். ஆனால் வீட்டை டிரஸ்ட் பெயருக்கு மாற்றிப் பதிவு செய்யாவிட்டால் அந்த 4,000 டாலரும் வீண்.

ஊரில் ஒருவர் இறந்தால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குகிறோம். அதை வைத்துப் பட்டா மாற்றுகிறோம், வங்கிக்குப் போகிறோம். அப்படி ஒரு சான்றிதழ் கலிபோர்னியாவில் கிடையாது. இறந்தவர் பெயரில் மட்டும் நிற்கும் வீட்டுக்கு இனி யார் கையெழுத்துப் போடலாம் என்பதைச் சொல்லும் அதிகாரம் அந்தந்தக் கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) சுப்பீரியர் கோர்ட்டுக்கு இருக்கிறது. அந்த நடைமுறைக்குப் பெயர்தான் புரொபேட். உயில் இருந்தால் உயிலில் உள்ளபடி, இல்லாவிட்டால் வாரிசுச் சட்டப்படி. எப்படியானாலும் கோர்ட் உண்டு.

டிஇ-111 என்ற படிவத்தில் மனு போட்டு 435 டாலர் கட்டுவதில் அது தொடங்குகிறது. வாரிசுகளுக்கு நோட்டீஸ் போக வேண்டும், உள்ளூர் செய்தித்தாளில் மூன்று முறை விளம்பரம் வர வேண்டும். பிறகு விசாரணை. நீதிபதி திருப்தி அடைந்தால் டிஇ-150 என்ற அதிகாரக் கடிதம் கிடைக்கும். அது கைக்கு வரும்வரை பங்குக் கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் இருப்பு எவ்வளவு என்றுகூடச் சொல்லாது. அதன்பின் கோர்ட் நியமிக்கும் மதிப்பீட்டாளர் வீட்டையும் பங்குகளையும் மதிப்பிடுவார், அவருக்கு மதிப்பில் ஆயிரத்துக்கு ஒரு டாலர். கடன்காரர்கள் வந்து கேட்பதற்கு அதிகாரக் கடிதம் வந்த நாளிலிருந்து 4 மாத அவகாசம். கடைசியில் கணக்குக் காட்டிப் பிரித்துக் கொடுக்க இன்னொரு மனு. ஒரு வருடத்துக்குள் முடிக்கவில்லை என்றால் ஏன் முடியவில்லை என்று கோர்ட்டுக்கு அறிக்கை தர வேண்டும். சண்டை சச்சரவே இல்லாத குடும்பத்திலும் ஒரு வருடம் ஆவது சாதாரணம்.

செலவைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன், ஏனென்றால் பலரும் இதை நம்புவதில்லை. வக்கீலுக்கான கட்டணத்தைச் சட்டமே சதவீதமாக வகுத்திருக்கிறது. முதல் 1 லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3, அதற்கடுத்த 8 லட்சத்துக்கு 2, அதற்கடுத்த 90 லட்சத்துக்கு 1 சதவீதம். உங்கள் வீடும் பங்குக் கணக்கும் சேர்ந்து 18 லட்சம். 4,000, 3,000, 16,000, 8,000 என்று கூட்டினால் 31,000 டாலர். இதே தொகையை, உயிலை நிறைவேற்றும் எக்ஸிகியூட்டரும் தனியாகப் பெற உரிமை உண்டு. ஆக 62,000 வரை போகலாம். குடும்பத்தில் ஒருவரே எக்ஸிகியூட்டராக இருந்தால் தன் பங்கை வேண்டாம் என்று விட்டுவிடலாம், வக்கீலிடமும் குறைத்துப் பேசலாம். ஆனால் இந்தக் கணக்கில் பாக்கியிருக்கும் 5 லட்சம் கடனைக் கழிக்கமாட்டார்கள் என்பதை மனத்தில் வையுங்கள். வங்கிக்குச் சேர வேண்டிய பணத்துக்கும் சேர்த்துத்தான் கட்டணம்.

சின்னச் சொத்துக்குச் சலுகை உண்டு. 2025 ஏப்ரல் 1-க்குப் பின் இறந்தவர்களின் விஷயத்தில், வங்கி, பங்கு போன்றவை மொத்தம் 2,08,850 டாலரைத் தாண்டாவிட்டால், இறந்து 40 நாள் கழித்து ஒரு வாக்குமூலத்தைக் கொடுத்தே வாங்கிவிடலாம். குடியிருந்த வீடு 7.5 லட்சம் டாலருக்குள் இருந்தால் முழு புரொபேட் இல்லாமல் ஒரே மனுவில் முடிக்க வழி வந்திருக்கிறது. இங்கும் கடனைக் கழிக்காத முழு மதிப்புத்தான் அளவுகோல். ஃப்ரீமான்ட்டில் அந்த விலைக்குத் தனி வீடு ஏது? உங்களுக்கு இது உதவாது.

இனி, எது எது கோர்ட்டுக்குப் போகாது என்று பாருங்கள். 401-கே, ஐஆர்ஏ (தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு), ஆயுள் காப்பீடு ஆகியவற்றில் பெனிஃபிஷியரி என்று யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவருக்கு நேரே போய்விடும், உயிலில் வேறு என்ன எழுதினாலும் சரி. ஊர் நாமினி வேறு, இந்த பெனிஃபிஷியரி வேறு. இந்தியாவில் நாமினி பெரும்பாலும் பணத்தை வாங்கி வாரிசுகளுக்காக வைத்திருப்பவர்தான். இங்கே பெனிஃபிஷியரி என்றால் அவரே சொந்தக்காரர். கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த நாளில் அண்ணன் பெயரையோ அம்மா பெயரையோ எழுதிப்போட்டு அப்படியே மறந்தவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். காப்பீட்டிலும் ஐஆர்ஏவிலும் அந்தப் பழைய பெயர்தான் செல்லும். இன்று ராத்திரியே அந்தக் கணக்குகளைத் திறந்து பாருங்கள், செலவில்லாத வேலை.

வீட்டுக்கு வருவோம். பத்திரத்தின் முதல் பக்கத்தில் உங்கள் இருவர் பெயருக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன். "ஜாயின்ட் டெனன்ட்ஸ்" என்று இருந்தால் ஒருவர் போனபின் மற்றவருக்குத் தானாகவே போய்ச் சேரும். இறப்புச் சான்றிதழோடு ஒரு வாக்குமூலத்தைப் பதிவு செய்தால் போதும். "கம்யூனிட்டி பிராப்பர்ட்டி வித் ரைட் ஆஃப் சர்வைவர்ஷிப்", அதாவது உயிரோடிருப்பவருக்கே போய்ச் சேரும் தம்பதியின் பொதுச் சொத்து, என்று இருந்தாலும் அப்படியே. அந்தக் கடைசிச் சொற்கள் இல்லாமல் வெறும் கம்யூனிட்டி பிராப்பர்ட்டி என்று இருந்தால், மற்றவர் கணவன் மனைவிக்கென்றே உள்ள ஒரு சுருக்கமான மனுவைக் கோர்ட்டில் போட வேண்டியிருக்கும்.

இவற்றுக்குள் வரியில் ஒரு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. ஜாயின்ட் டெனன்ட்ஸ் என்றால் இறந்தவரின் பாதிக்கு மட்டும் அடக்கவிலை (விற்கும்போது லாபத்தைக் கணக்கிடக் கழிக்கும் விலை) அன்றைய மதிப்புக்கு உயரும். வாங்கிய விலையில் பாதி 4.5 லட்சம், இன்றைய மதிப்பில் பாதி 8 லட்சம், ஆக 12.5 லட்சம். வீட்டை 16 லட்சத்துக்கு விற்றால் 3.5 லட்சம் லாபமாகத் தெரியும். கம்யூனிட்டி பிராப்பர்ட்டி என்றால் இரண்டு பாதியும் உயர்ந்து அடக்கவிலை 16 லட்சமாகிவிடும், லாபம் பூஜ்யம். பத்திரத்தில் ஜாயின்ட் டெனன்ட்ஸ் என்று இருந்தாலும், கல்யாணத்துக்குப் பின் சம்பாதித்த பணத்தில் வாங்கிய வீடு என்று காட்டி வாதாட வழி இருக்கிறதுதான். ஆனால் துக்கத்தில் இருக்கும் மனைவியை வரித்துறையான ஐஆர்எஸ்ஸோடு வாதாட வைப்பானேன்? டிரஸ்ட் பத்திரத்தில், "இது கம்யூனிட்டி சொத்து, டிரஸ்டுக்குள் வந்தபின்னும் அப்படியே தொடரும்" என்ற வாசகம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆக, உங்களில் ஒருவர் போனால் கோர்ட் வேலை குறைவு. இருவரும் ஒரே விபத்தில் போனால், அல்லது ஒருவர் போய் மற்றவர் ஒன்றும் செய்யாமலேயே சில வருடம் கழித்துப் போனால்தான் புரொபேட் முழு பாரத்தோடு வரும். அப்போது சொத்துக்கு வாரிசு 9 வயதும் 5 வயதும் உள்ள குழந்தைகள். கோர்ட் அவர்கள் பணத்துக்கு ஒரு கார்டியனை நியமிக்கும், அவர் கோர்ட்டுக்குக் கணக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைக்கு 18 வயது முடிந்த அன்று முழுப் பணமும் அவன் கையில். காப்பீட்டில் "மனைவிக்கு, அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு" என்று எழுதியிருந்தாலும் இதே கதிதான், மைனர் பெயருக்குக் காப்பீட்டு நிறுவனம் நேராகக் காசோலை கொடுக்காது. 18 வயதில் பல லட்சம் டாலர் கையில் வருவதைத்தான் நான் 62,000 டாலர் செலவைவிடப் பெரிய ஆபத்தாகப் பார்க்கிறேன்.

டிரஸ்ட் இதற்கு என்ன செய்கிறது? அறக்கட்டளை என்றதும் நமக்குத் தருமமும் கல்லூரியும் நினைவுக்கு வரும். இது வேறு. உயிரோடிருக்கும்போதே, எப்போது வேண்டுமானாலும் மாற்றவும் கலைக்கவும் கூடிய ஒரு குடும்ப டிரஸ்டை உங்கள் இருவர் பெயரில் ஏற்படுத்துகிறீர்கள். ஏற்படுத்தியவர் நீங்கள், நிர்வகிக்கும் டிரஸ்டி நீங்கள், அனுபவிப்பவரும் நீங்கள். வீட்டை விற்கலாம், அடமானம் வைக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வருமானவரிக்கு உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணே போதும், தனியாக வரிக்கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் இருவரும் இல்லாமல் போனால், பெயர் குறித்து வைத்த அடுத்த டிரஸ்டி இறப்புச் சான்றிதழையும் டிரஸ்டின் சுருக்கச் சான்றையும் காட்டி மறுநாளே பொறுப்பேற்கலாம். பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், சாப்பாட்டுக்கு அவர் செலவழிப்பார். மிச்சத்தை எந்த வயதில் கொடுப்பது என்பது உங்கள் விருப்பம். 25 வயதில் மூன்றில் ஒரு பங்கு, 30-ல் மீதி என்று பல பெற்றோர் எழுதுவது எனக்குச் சரியாகவே படுகிறது.

சாவு மட்டுமில்லை, பக்கவாதம் வந்து பேச முடியாமல் கிடந்தாலும் டிரஸ்ட் கைகொடுக்கும். டாக்டர் சான்றிதழின் பேரில் அடுத்த டிரஸ்டி வந்துவிடுவார். உயில் அப்போது ஒன்றும் செய்யாது, இறந்தபின்தான் அதற்கு உயிர். ஆனால் டிரஸ்டுக்குள் வராத 401-கே கணக்குக்கு நீடித்த பவர் ஆஃப் அட்டர்னி தனியாக வேண்டும். வைத்திய முடிவுகளுக்கு ஒரு மருத்துவ அதிகாரப் பத்திரமும் வேண்டும். 4,000 டாலரில் இவை இரண்டும் அடங்கியிருக்கின்றனவா என்று கேளுங்கள்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டிரஸ்ட் பத்திரத்தில் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு, அழகான ஃபைலில் அலமாரியில் வைத்துவிட்டு, வீடு மட்டும் பழைய பெயரிலேயே இருக்கும் குடும்பங்கள் ஏராளம். வீடு டிரஸ்டுக்குள் வரவில்லை என்றால் கோர்ட்தான்.

மாற்றும் முறை இது. உங்கள் இருவரிடமிருந்து டிரஸ்டிகளான உங்கள் இருவருக்கே ஒரு பத்திரம் எழுத வேண்டும். வாங்குபவர் இடத்தில், "இன்னாரும் இன்னாரும், இன்ன தேதியிட்ட இன்ன ஃபேமிலி டிரஸ்டின் டிரஸ்டிகள்" என்று வர வேண்டும். டிரஸ்டின் பெயரை மட்டும் எழுதினால் தவறு. சொத்து விவரத்தை 2017 பத்திரத்திலிருந்து எழுத்துக்கு எழுத்து எடுத்தெழுத வேண்டும். மனை எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் பிறகு சொத்துரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி விற்பனையை நிறுத்தி வைக்கும். கவுன்டியின் நில அடையாள எண் தனி, அதுவும் வேண்டும். பதிவுக் கட்டணம் தவிரக் கைமாற்ற வரி கிடையாது, ஆனால் எந்தச் சட்டப் பிரிவின்கீழ் விலக்கு என்பதைப் பத்திரத்தின் முகப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். அது வரிச் சட்டத்தின் 11930-ஆம் பிரிவு. கூடவே உரிமை மாற்ற அறிக்கை ஒன்று கொடுக்க வேண்டும். அதில் "திரும்பப் பெறக்கூடிய டிரஸ்டுக்கு மாற்றம்" என்ற கட்டத்தைக் குறிக்காமல் விட்டால், வீட்டுவரியை வாங்கிய விலையை ஒட்டியே வைத்திருக்கும் 1978-ன் புரொப்போசிஷன் 13 கொடுத்த பாதுகாப்பு போய், 16 லட்சத்துக்குப் புதிதாக வீட்டுவரி போட்டுவிடக்கூடும். முறையிட்டுத் திருத்தலாம், ஆனால் வீண் அலைச்சல்.

டிரஸ்டுக்கு மாற்றினால் வங்கி முழுக் கடனையும் உடனே கேட்குமோ என்று பயப்படாதீர்கள். நீங்களே பயனாளியாக இருக்கும் டிரஸ்டுக்கு, குடியிருக்கும் வீட்டை மாற்றுவதைக் காரணம் காட்டி அப்படிக் கேட்கக் கூடாது என்று 1982-ன் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. வீட்டுக் காப்பீட்டில் மட்டும் டிரஸ்டின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். இன்னொரு பொறி ரீஃபைனான்ஸ். வட்டி குறைந்ததென்று கடனை மாற்றும்போது சில வங்கிகள் வீட்டை டிரஸ்டிலிருந்து வெளியே எடுத்து உங்கள் பெயருக்குப் பத்திரம் போடச் சொல்லும். கடன் முடிந்ததும் திரும்ப உள்ளே போடப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கடைசிக் கையெழுத்தன்றே திரும்ப மாற்றும் பத்திரத்தையும் நோட்டரி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் வீடு வெளியே நின்றுவிட்டால் முழு புரொபேட்டுக்கு முன் ஒரு கடைசி வழி உண்டு. 1993-ல் வந்த ஹெக்ஸ்டாட் வழக்கின் தீர்ப்புப்படி, டிரஸ்டின் சொத்துப் பட்டியலில் அந்த வீடு விலாசத்தோடு எழுதப்பட்டிருந்தால், அது டிரஸ்ட் சொத்துதான் என்று அறிவிக்கக் கோரி ஒரே மனு போடலாம். அதற்காகவாவது பட்டியலைக் காலியாக விடாதீர்கள்.

பங்குக் கணக்கை டிரஸ்ட் பெயருக்கு மாற்றுவது அந்த நிறுவனத்தின் படிவத்திலேயே முடியும். வேலை பார்க்கும் கம்பெனி ஊழியருக்குக் கொடுக்கும் ஆர்எஸ்யு பங்குகள் கைக்கு வந்தபின் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். கார்களை விட்டுவிடுங்கள், அவற்றுக்கு வாகனப் பதிவுத் துறையான டிஎம்வியில் தனியாக எளிய படிவம் இருக்கிறது. 401-கேயையும் ஐஆர்ஏவையும் டிரஸ்ட் பெயருக்கு மாற்றவே கூடாது. மாற்றினால் முழுத் தொகையையும் எடுத்துவிட்டதாகக் கருதி அந்த வருடமே வரி வரும். அவற்றில் முதல் பெனிஃபிஷியரி மனைவி அல்லது கணவர், இரண்டாவதாக டிரஸ்ட் என்று எழுதுவதுதான் முறை. காப்பீட்டிலும் அப்படியே.

டிரஸ்டி யார்? மதுரை அண்ணன் என்று மனம் போகும். பணத்துக்கு அவர் வேண்டாம் என்பேன், நம்பிக்கைக் குறைவால் அல்ல. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல், இங்கே வரிக்கு உட்படாத ஒருவரிடம் டிரஸ்டின் முக்கிய முடிவுகள் போனால், ஐஆர்எஸ் பார்வையில் அது வெளிநாட்டு டிரஸ்ட் ஆகிவிடும். அதற்கு 3520, 3520-ஏ என்று தனிப் படிவங்கள், விட்டால் கடுமையான அபராதம். மனைவியின் தங்கைக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் அவரை முதல் டிரஸ்டியாகவும், இங்குள்ள இன்னொருவரை மாற்றாகவும் போடுங்கள். அவர் ஊருக்குத் திரும்பி கிரீன் கார்டை விட்டுவிட்டால் பொறுப்பு தானாக மாற்று டிரஸ்டிக்குப் போக வேண்டும் என்ற வாசகத்தைச் சேருங்கள். ஒன்றும் எழுதி வைக்காமல் போனால் அண்ணனுக்கு வேறு சங்கடமும் உண்டு. அமெரிக்காவில் வசிக்காதவரை, உயிலில் பெயர் இல்லாதபோது, கோர்ட் நிர்வாகியாக நியமிக்காது.

பிள்ளைகளை யார் வளர்ப்பது என்பதை டிரஸ்ட் தீர்மானிக்காது, அதற்குத்தான் உயில். அதில் கார்டியன் பெயரைக் குறிப்பிடுங்கள். அண்ணன் குடும்பத்தோடு மதுரையில் வளரட்டும் என்றால் அப்படியே எழுதலாம், இறுதி முடிவு கோர்ட்டுடையது. ஆனால் அவர் விசா வாங்கி விமானம் ஏறி வந்து சேரும்வரை குழந்தைகள் யார் வீட்டில் தூங்குவார்கள்? பத்து நிமிடத்தில் வந்து சேரக்கூடிய ஒரு நண்பர் குடும்பத்தைத் தற்காலிக கார்டியனாகக் குறிப்பிடுங்கள், பிள்ளைகளின் பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும் எங்கே இருக்கின்றன என்பதை அவர்களிடம் சொல்லி வையுங்கள். வளர்ப்பவரும் பணத்தை வைத்திருப்பவரும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்லது, ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

இதே உயிலில், டிரஸ்டுக்குள் சேர்க்க விட்டுப்போனவை எல்லாம் டிரஸ்டுக்கே போகட்டும் என்ற வாசகமும் வரும். கையெழுத்துக்கு இரண்டு சாட்சிகள், இருவரும் ஒரே நேரத்தில் எதிரில் இருக்க வேண்டும், சொத்துப் பெறுபவர் சாட்சியாக வேண்டாம். நம்மூர் சார்பதிவாளர் அலுவலகப் பதிவு போல இங்கே எதுவும் இல்லை, நோட்டரி முத்திரை சாட்சிக்கு மாற்றும் ஆகாது.

மயிலாப்பூர் ஃபிளாட்டை இந்த டிரஸ்டுக்குள் கொண்டுவர முயலாதீர்கள். நிலமும் கட்டடமும் எந்த நாட்டில் இருக்கின்றனவோ அந்த நாட்டுச் சட்டம்தான் செல்லும். இந்தியச் சொத்துக்கு மட்டும் தனி உயில் எழுதுங்கள். இங்கே ஓர் அபாயம் இருக்கிறது. அச்சில் வரும் எல்லா உயிலிலும் "இதற்கு முந்தைய என் உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்" என்றொரு வரி இருக்கும். அமெரிக்க உயிலை முதலில் எழுதி, அடுத்த டிசம்பர் லீவில் சென்னையில் இன்னொன்று எழுதினால், இரண்டாவது முதலாவதைக் கொன்றுவிடும், பிள்ளைகளின் கார்டியன் நியமனத்தோடு சேர்த்து. இந்த உயில் எந்த நாட்டுச் சொத்துக்கு, மற்றதை இது ரத்து செய்யவில்லை என்று இரண்டிலுமே எழுத வேண்டும்.

சென்னை நகருக்குள் உள்ள சொத்துக்கு உயில் இருந்தால் புரொபேட் கட்டாயம் என்று வைத்திருந்த 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு 2025 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பிற்பாடு வாங்க வருபவரின் வக்கீல் கேட்கக்கூடும், ஆகையால் உயிலைப் பதிவு செய்து, உங்களைவிட இளைய இருவரைச் சாட்சியாகப் போடுங்கள். உயிலே இல்லாவிட்டால், நீங்கள் இந்து என்றால் 1956 சட்டப்படி அம்மா, மனைவி, பிள்ளைகள் இருவர் என நால்வருக்கும் சமபங்கு, அப்பாவுக்குப் பங்கில்லை. கலிபோர்னியாவிலோ மனைவியும் பிள்ளைகளும் இருக்கையில் பெற்றோருக்கு ஒன்றுமே கிடையாது. மாதாமாதம் மதுரைக்குப் பணம் அனுப்புபவர் என்றால் அதை டிரஸ்டில் எழுதினால் ஒழிய அது உங்களோடு நின்றுவிடும்.

வரி பற்றி: திரும்பப் பெறக்கூடிய டிரஸ்ட் ஒரு டாலர் வரியையும் குறைக்காது. கலிபோர்னியாவில் இறந்தவர் சொத்தின் மீதான மாநில எஸ்டேட் வரி இல்லை. இங்கேயே நிரந்தரமாக வாழ்பவருக்கு 2026-ல் கூட்டாட்சி விலக்கு ஆளுக்கு 1.5 கோடி டாலர், நீங்கள் அதன் பக்கத்திலேயே இல்லை. ஆனால் ஊருக்குத் திரும்பி அங்கேயே தங்கிவிட்டு ஃப்ரீமான்ட் வீட்டையும் அமெரிக்கப் பங்குகளையும் வைத்திருந்தால் விலக்கு வெறும் 60,000 டாலர். அதற்குமேல் விகிதம் 40 சதவீதம் வரை ஏறும், இந்தியாவோடு இதற்கு ஒப்பந்தமும் இல்லை. திரும்பும் எண்ணம் வந்தால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே டிரஸ்டையும் சொத்துகளையும் மறுபடி பாருங்கள்.

புரொபேட்டை முழுக்கக் கெட்டது என்று நினைக்க வேண்டாம். கடன்காரர்கள் நிறைய இருந்தாலோ, வாரிசுகள் ஒருவரை ஒருவர் நம்பாவிட்டாலோ கோர்ட்டின் கண்காணிப்பு ஒரு பாதுகாப்பு, அந்த 4 மாதம் தாண்டினால் கடன் தொல்லை பெரும்பாலும் தீரும். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, 401-கேயும் காப்பீடும் மட்டும் வைத்திருக்கும் பிள்ளை இல்லாத தம்பதிக்கு நான் டிரஸ்டைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

டிரஸ்ட் இருந்தாலும் உங்களுக்குப் பின்னால் வேலை உண்டு என்பதை, டிரஸ்டியாகப் போகும் மனைவியின் தங்கையிடம் சொல்லி வையுங்கள். அசல் உயிலை 30 நாளுக்குள் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும், 60 நாளுக்குள் வாரிசுகளுக்கு நோட்டீஸ், 150 நாளுக்குள் கவுன்டி மதிப்பீட்டாளருக்கு இறப்பு அறிக்கை. டிரஸ்டுக்குத் தனி வரி எண் வாங்கி ஆண்டுதோறும் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும்.

அந்த அலுவலகத்தில் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். வீட்டுப் பத்திரத்தை எழுதிக் கவுன்டியில் பதிவு செய்வது உங்கள் வேலையா, எங்கள் வேலையா? பெனிஃபிஷியரி படிவங்களில் எழுத வேண்டிய வாசகத்தை எழுதித் தருவீர்களா? டிரஸ்டி நாடு மாறினால் என்ன என்பதற்கு எந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது? முதல் கேள்விக்கு "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் வேறு அலுவலகம் பாருங்கள்.